மாக்கா மகளிர் முடைந்த திமிங்கிலம்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடிக் கூடை. அதன் அடிப்பகுதி பழுப்பு நிறம். செடார் மரத்தின் உட்பட்டையை மெல்லிய நாடாக்களாகக் கிழித்து, பாய் முடைவதுபோல ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னியிருக்கிறார்கள். அந்த நாடாக்களே விளிம்பில் மேல்நோக்கி மடிந்து கூடையின் நெடுக்கு இழைகளாக நிற்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு வெண்ணெய் நிறப் புல்லிழை ஒன்று, சுற்றுக்குச் சுற்று நெருங்கி, கதிரில் நூல் ஏறுவதுபோல ஏறுகிறது. பாதி உயரத்தில் நிறம் மாறுகிறது. நீண்ட ஓடம் ஒன்று தெரிகிறது. அதில் குச்சி குச்சியாக மனிதர்கள். முன்னால் நிற்பவன் கையை ஓங்கியிருக்கிறான். அவன் கையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுக் கூடையைச் சுற்றிக்கொண்டு போகிறது. கூடையைத் திருப்பினால்தான் கோடு எங்கே போய் முட்டுகிறது என்று தெரியும். அங்கே ஒரு திமிங்கிலம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரு கடற்காகம், அதற்கப்புறம் மறுபடியும் அதே ஓடம்.

அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பம் பசிபிக் கடலுக்குள் மூக்கை நீட்டும் இடத்துக்குக் கேப் ஃபிளாட்டரி என்று பெயர். அந்த முனையை ஒட்டிய நீயா பே என்ற ஊரைத் தாயகமாகக் கொண்ட மாக்கா மக்களின் பெண்கள் முடைந்த கூடைகள் இவை. மாக்கா என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. கிழக்கே வாழும் கிளாலம் மக்கள் அவர்களை அழைத்த பெயர். உணவை அள்ளித் தருகிறவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தங்கள் மொழியில் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது, பாறைகளும் கடற்காகங்களும் உள்ள இடத்தில் வாழ்பவர்கள் என்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கூடையின் மேல் பறக்கும் அந்தப் பறவையை வெறும் அழகுக்கு வைத்தது என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. தம் பெயரில் பாதியை அந்தப் பெண்கள் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய சிறு கூடைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெளியாருக்கு விற்பதற்காகவே முடையப்பட்டவை. சியாட்டில் நகரத்துக் கடைகளிலும் கப்பல் துறைகளிலும் சுற்றுலாப் பயணிகள் அவற்றை வாங்கிப்போய்க் கைக்குட்டையும் ஊசிநூலும் போட்டு வைத்தார்கள். அருங்காட்சியகப் பட்டியல்களில் இவற்றுக்குச் சில்லறைச் சாமான் கூடை என்று பொருள்படும் பெயர்தான் கிடைத்தது. அறிஞர்களுக்கும் நெடுங்காலம் இவற்றின் மேல் மதிப்பு இல்லை. சந்தைக்கு வந்த பொருள், சாயப்பொடி கலந்த பொருள், பழமை கெட்ட பொருள் என்று ஒதுக்கிவிட்டு, ஐரோப்பியர் வருமுன் செய்யப்பட்டவற்றையே தேடினார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஒரு மக்களின் மொழி, விருந்து, வேட்டை என்று எல்லாவற்றின் மேலும் கைவைக்கப்பட்ட காலத்தில், அவர்களுடைய நினைவு தங்கியிருக்க இடம் கொடுத்தது விலைக்குப் போன இந்தச் சிறு கூடைதான்.

அதைச் சொல்வதற்கு முன் முடைச்சலைப் பார்த்துவிட வேண்டும். நெடுக்கிழைகளுக்குக் குறுக்கே இரண்டு இழைகள் ஓடுகின்றன. ஒன்று விறைப்பானது. அது கூடையின் உட்புறமாக, எங்கும் வளைந்து கொடுக்காமல், வட்டமாகப் படுத்துக்கொள்கிறது. மற்றது வளையும் புல். விறைப்பிழையும் நெடுக்கிழையும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டு அடுத்த சந்திப்புக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சற்றே சாய்ந்த சிறு தையல்கள் அணிவகுத்து நிற்கும். ஓடம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் வெள்ளைப் புல்லை விட்டுவிட்டு நிறமேற்றிய புல்லை எடுக்க வேண்டும். வரைந்து வைத்துக்கொண்டு முடைவதில்லை, எல்லாம் எண்ணிக்கை. எத்தனையாவது சுற்றில் ஓடத்தின் மூக்கு தூக்க வேண்டும், திமிங்கிலத்தின் முதுகு எத்தனை தையலில் வளைய வேண்டும் என்பது முடைபவளின் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தையல் தப்பினால் எறியீட்டியின் கயிறு அறுந்துபோகும்.

இதே சுற்றுக்கட்டைத் தளர்வாக, இடைவெளி விட்டுச் செய்தால் முதுகில் சுமக்கும் பெருங்கூடை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை அதில் போட்டுத் தூக்கி வருவார்கள். தண்ணீரும் மணலும் இடைவெளி வழியே வழிந்துவிடும். வயிற்றுப்பாட்டுக்கான முடைச்சலை நெருக்கி, நெருக்கி, மயிரிழைபோலப் பதப்படுத்திக் கைக்குட்டைக் கூடையாக மாற்றியிருக்கிறார்கள். சந்தைக்காகப் புதிதாக ஒன்றைக் கற்கவில்லை. பாட்டியின் சுமைக்கூடையில் இருந்த அதே கட்டுதான்.

இழைகளுக்கு வருவோம். மேற்குக் கடற்கரையின் செஞ்செடார் மரம் இந்த மக்களுக்கு எல்லாமும் ஆனது. வீட்டுப் பலகை, ஓடம், பெட்டி, கயிறு, மழைக்கு உடுத்தும் மேலாடை, குழந்தைத் தொட்டிலின் மெத்தை எல்லாம் அதிலிருந்து வந்தன. கூடைக்கு வேண்டியது அதன் உட்பட்டை. வேனில் தொடங்கி மரத்தில் சாறு ஏறும் சில வாரங்களில்தான் பட்டை உரிய இணங்கும். நேராக வளர்ந்த, கீழே கிளைகள் இல்லாத மரமாகப் பார்த்து, அடிப்பக்கம் இரண்டு கையகலத்துக்குக் குறுக்கே வெட்டிப் பட்டையை நெம்பி எடுப்பார்கள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு மரத்தைவிட்டுப் பின்னால் நடக்க வேண்டும். நடக்க நடக்கப் பட்டை கிழிந்துகொண்டே உயரப் போகும். போகப் போகக் குறுகி, ஓரிடத்தில் கூராக முடிந்து, மரத்தைவிட்டுச் சரசரவென்று கீழே விழும். ஒரு மரத்தில் சுற்றளவின் ஒரு சிறு பங்குக்கு மேல் உரிப்பதில்லை. மிச்சப் பட்டையை வைத்துக்கொண்டு மரம் பிழைத்துக்கொள்ளும். எடுத்ததற்கு மரத்திடம் நன்றி சொல்வதும் வழக்கம். கரடுமுரடான வெளிப்பட்டையைக் காட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, உட்பட்டையை மடித்துக் கட்டித் தூக்கிவந்து உலர்த்தி, மாதக்கணக்கில் வைத்திருந்து, முடையும்போது நீரில் ஊறவைத்து ஏடு ஏடாகப் பிரிப்பார்கள்.

உரித்த மரங்கள் இன்றும் அந்தக் காடுகளில் நிற்கின்றன. அடியில் அகலமாகத் தொடங்கி மேலே ஊசியாக முடியும் தழும்பு ஒவ்வொன்றின் மேலும் இருக்கிறது. இருபுறமும் புதுப் பட்டை உருண்டு வளர்ந்து தழும்பை அணைத்துக்கொள்ள முயல்கிறது. சில தழும்புகள் நூறாண்டையும் தாண்டியவை. எந்த வேனிலில் பட்டை உரித்தார்கள் என்பதை மரவளையங்களை எண்ணி அறியலாம்.

புல்லில் இரண்டு வகை உண்டு. ஒன்று சதுப்பில் வளரும் கோரை. நம் பத்தமடைப் பாய்க்கு உதவும் கோரைக்கும் அதற்கும் தாவரக் குடும்பம் ஒன்றே. கோடையில் அதைப் பிடுங்கி, நடுநரம்பைப் பிரித்து, வெயிலில் வெளுக்கவைத்து எடுப்பார்கள். அதன் விளிம்பு கையை அறுக்கும். மற்றொன்றுக்குக் கரடிப்புல் என்று பெயர். பெயரில் புல் இருந்தாலும் அது புல்லினம் அன்று. காய்ந்தால் தந்தம்போல வெளுத்து மினுங்கும் அதன் நீண்ட இலைதான் கூடையின் வெண்மை. பெரும்பாலும் மலைச்சரிவில் வளரும் இந்தச் செடி, ஓசெட் ஏரிக்கு அருகே கடல்மட்டத்திலேயே இருக்கும் திறந்த புல்வெளிகளிலும் வளர்கிறது. மழைக்காடு நாற்புறமும் நெருக்கும் நிலத்தில் இப்படி ஒரு திறந்தவெளி தானாக நிலைக்காது. மாக்கா மக்களும் தெற்கேயுள்ள குவிலியூட் மக்களும் அதற்குத் தீ வைத்துவந்தார்கள். தீ மரக்கன்றுகளை அடக்கும், பழச்செடிகளைத் துளிர்க்கவைக்கும், மானை மேய வரவழைக்கும், கரடிப்புல்லின் இலையை நீளமாகவும் மிருதுவாகவும் தழைக்கவைக்கும். அந்த நிலம் பிற்காலத்தில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் வந்தது. தீ நின்றது; காடு உள்ளே நகர்ந்தது. ஒரு கூடையின் வெண்மைக்குப் பின்னால் ஒரு நிலத்தை ஆண்ட முறை இருந்தது என்பதை இந்தப் புல்வெளிகள் சுருங்கும்போதுதான் வெளியுலகம் புரிந்துகொண்டது.

இனி அந்த ஓடத்தைப் பற்றி. திமிங்கில வேட்டைக் காட்சி தொடக்கத்தில் கூடையில் இருந்ததில்லை. அது தொப்பியில் இருந்தது. 1778-இல் கேப்டன் குக் வான்கூவர் தீவின் நூட்கா துறையில் இறங்கியபோது, உச்சியில் வெங்காயக் குமிழ்போன்ற முடிச்சு வைத்து முடைந்த கூம்புத் தொப்பிகளை அங்கே கண்டார்கள். நூட்கா துறையின் மக்களும் மாக்கா மக்களும் நெருங்கிய உறவினர். இரண்டு மொழிகளும் வகாஷ் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தொப்பியின் சரிவில் ஓடமும் ஈட்டிக்காரனும் கயிறும் திமிங்கிலமும். அதை அணியும் தகுதி வேட்டைத் தலைவர்களுக்கு உரியது. மற்றவர்கள் குமிழில்லாத தொப்பியோடு மழையில் நடந்தார்கள்.

தலைவனின் தலையில் இருந்த காட்சி, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கும் கூடைக்கு இறங்கிவந்தது எப்படி? இதை வீழ்ச்சி என்று சொல்வது எளிது. வேட்டை எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது.

வேட்டை ஓடத்தில் எட்டுப் பேர். ஈட்டிக்காரன் பல மாதம் முன்பிருந்தே உண்ணாநோன்பிருந்து, குளிர்ந்த நீரில் மூழ்கி, முட்செடிகளால் உடலைத் தேய்த்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்வான். ஈட்டியின் முனை சிப்பி ஓட்டில் செய்தது. காற்றடைத்த கடல்நாய்த் தோல்கள் மிதவைகளாகக் கயிற்றோடு போகும். இது ஆண்களின் கதை. எல்லா நூல்களும் இதைச் சொல்கின்றன. கரையில் நடந்ததையும் பழைய பதிவுகள் சொல்கின்றன. கணவன் கடலுக்குள் போனதிலிருந்து அவன் மனைவி இருட்டு அறையில் அசையாமல் படுத்திருப்பாள். உண்பதில்லை, தலை வாருவதில்லை, புரள்வதில்லை. அவள் அசைந்தால் திமிங்கிலம் மிரளும்; அவள் அமைதியாக இருந்தால் அதுவும் அமைதியாகக் கரையை நோக்கி வரும். கடலில் இருக்கும் விலங்கும் வீட்டில் கிடக்கும் பெண்ணும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று அந்த மக்கள் கருதினார்கள். கரைக்கு வந்த திமிங்கிலத்தை மரியாதைக்குரிய விருந்தாளியாக வரவேற்றதும் இதனால்தான்.

இப்போது அந்தச் சிறு கூடையை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஓடத்திலிருந்து புறப்படும் கயிறு கூடையைச் சுற்றிக்கொண்டு திமிங்கிலத்தைத் தொடுகிறது. அதை முடைந்தவள் ஒரு பெண்; மணிக்கணக்காக ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து முடைந்தவள். தான் பார்க்காத ஆண்களின் சாகசத்தை அவள் படமாக்கினாள் என்று நான் எண்ணவில்லை. வேட்டையில் தன் பங்கு எதுவோ அதையே வேறொரு வடிவில் செய்துகொண்டிருந்தாள் என்று எண்ணுகிறேன். இது என் வாசிப்பு. முடைந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று சாதிக்க எனக்கு உரிமை இல்லை.

இந்த எச்சரிக்கை இன்னும் ஓரிடத்தில் தேவைப்படுகிறது. மாக்கா மக்களிடையே பாட்டு, ஆட்டம், பெயர், உருவம் ஆகியவை குடும்பச் சொத்துகள். ஒரு குடும்பத்தின் பாட்டை இன்னொரு குடும்பம் பாடிவிட முடியாது; விருந்தில் நான்கு பேர் அறியப் பரிசளித்து உரிமையை நிலைநாட்ட வேண்டும். வானத்திலிருந்து பாய்ந்து திமிங்கிலத்தைக் கவ்விச் செல்லும் இடிப்பறவையும், அது எறியீட்டியாக வீசும் மின்னல் பாம்பும் அப்படிப்பட்ட உருவங்கள். கூடைகளில் வளைந்து நெளியும் பாம்பைப் பார்த்தவுடன் இதற்கு இதுதான் பொருள் என்று அகராதிபோல எழுதிவைத்த வெளியார் உண்டு. ஒரே உருவம் ஒரு வீட்டில் முன்னோர் கதையாக இருக்கும், பக்கத்து வீட்டில் வெறும் அலங்காரமாக இருக்கும். பொருளைச் சொல்லும் உரிமையும் உடைமையின் ஒரு பகுதி. வாங்கியவர் கூடையைத்தான் வாங்கினார். கதை நீயா பேயில்தான் இருந்தது.

அந்தக் கதை இருந்த வீடுகளுக்கு 19-ஆம் நூற்றாண்டு என்ன செய்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரித்தால் தனிக் கட்டுரையாகும். 1850-களின் தொடக்கத்தில் பெரியம்மை ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போனது. அந்தத் துயரம் ஆறுமுன்பே, 1855 ஜனவரி 31 அன்று, ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் ஒப்பந்தத்தோடு வந்தார். எஞ்சிய தலைவர்கள் நிலத்தைவிடக் கடலைப் பற்றியே அதிகம் பேசினார்கள். பெருநிலம் கைவிட்டுப் போனது. திமிங்கிலம் பிடிக்கும் உரிமையோ எழுத்தில் நின்றது. அமெரிக்கா பழங்குடிகளோடு செய்த ஒப்பந்தங்களில் திமிங்கில வேட்டையைப் பெயர் சொல்லிக் காத்தது இது ஒன்றுதான். பிறகு பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் வாயில் தாய்மொழி வந்தால் தண்டனை. பெரு விருந்துகளை அரசு முகவர்கள் தடுத்தார்கள். மக்கள் கரைக்கு அப்பாலுள்ள டட்டூஷ் தீவுக்குப் படகேறிப் போய் முகவர்கள் கண்ணுக்குத் தப்பி நடத்தினார்கள். வணிகக் கப்பல்கள் சாம்பல் திமிங்கிலங்களை அழிவின் விளிம்புவரை கொண்டுபோயின. 1920-களின் பிற்பகுதியில் மாக்கா மக்கள் தாங்களே வேட்டையை நிறுத்திக்கொண்டார்கள்.

இத்தனை தடையிலும் எந்த முகவரும் கூடை முடையாதே என்று சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது உழைப்பு, சிக்கனம், குடும்பப் பெண்ணுக்கு ஏற்ற கைத்தொழில். 1860-களில் நீயா பேயில் ஆசிரியராக இருந்து, 1870-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழியே மாக்கா மக்களைப் பற்றிய முதல் பெருநூலை வெளியிட்ட ஜேம்ஸ் ஸ்வான்கூட, கூடைகளைப் பயன்பாட்டுப் பொருள்களோடு சேர்த்தே எழுதினார். ஆகவே பெண்கள் முடைந்தார்கள். இலையுதிர்காலத்தில் பியூஜெட் சவுண்ட் உட்கடல் பக்கத்து ஹாப் கொடித் தோட்டங்களுக்குப் பூப் பறிக்கப் போகும்போது உடன் எடுத்துப்போய் விற்றார்கள். நீயா பேக்குச் சாலை வந்ததே 1931-இல்தான். அதுவரை நீராவிப் படகில் வருபவர்களிடம் துறையிலேயே விற்றார்கள். சாயப்பொடி வந்தது, சிவப்பும் ஊதாவும் பச்சையும் வந்தன. கண்ணாடிப் புட்டிக்கு முடைந்த சட்டை, சிப்பி ஓட்டுக்கு முடைந்த உறை எல்லாம் வந்தன. கடலில் ஓடங்கள் குறையக் குறையக் கூடைகளில் ஓடங்கள் பெருகின. விற்கும் பெண்ணின் அருகே உட்கார்ந்திருந்த பேத்தி, திமிங்கிலத்தின் முதுகு எத்தனை தையல் என்பதை எண்ணக் கற்றாள். பள்ளிக்கூடம் பறித்துக்கொண்ட சொற்களில் சில, புல்லின் பெயராகவும் பட்டையின் பெயராகவும் கட்டின் பெயராகவும் முடையும் இடத்தில் புழங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பேத்திகளுள் ஒருவராக இசபெல் ஐடஸ் என்ற அம்மையாரைச் சொல்லலாம். 1899-இல் பிறந்து 2001-இல் மறைந்தவர். நூறு வயதைக் கடந்த அந்த வாழ்க்கையில் அவரிடம் கூடை முடையக் கற்றுக்கொண்டவர்கள் பலர். மாக்கா இளம்பெண்களும் உண்டு, தொல்லியல் ஆய்வாளர்களும் உண்டு. தொல்லியலுக்கும் கூடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஓசெட் பதில் சொல்லும்.

மாக்கா மக்களின் ஐந்து பேரூர்களில் ஓசெட் தென்கோடியில் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில் குடும்பங்கள் நீயா பேக்குப் பெயர, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் காலியானது. மலை சரிந்து அங்கே வீடுகளை மூடியது என்று முதியவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. 1970-இன் குளிர்காலப் புயல் கடற்கரை மேட்டை அரித்தபோது பழைய பலகைகளும் பொருள்களும் வெளியே வந்தன. அப்போது பழங்குடி அவையின் தலைவராக இருந்த எட் கிளாப்லன்ஹூ, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரிச்சர்ட் டோஹர்ட்டியை அழைத்தார். 11 ஆண்டுகள் அகழ்ந்தார்கள். ஐரோப்பியர் வருமுன், சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சேறு சரிந்து வீடுகளை அப்படியே மூடியிருந்தது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரமும் நாரும் மக்கவில்லை. மண்வெட்டி பட்டால் சிதையும் என்று தண்ணீர்க் குழாயால் சேற்றைக் கரைத்து எடுத்தார்கள். ஆல்டர் இலைகள் பச்சை நிறத்தோடு வெளிவந்து காற்றுப் பட்டதும் கறுத்துப்போயின. 55,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. கடல்நீர்நாயின் பற்கள் 700-க்கும் மேல் பதித்துச் செடார் மரத்தில் செதுக்கிய திமிங்கிலத் துடுப்பு உலகப் புகழ் பெற்றுவிட்டது. என் மனம் போய் நிற்பது பட்டைக் கூடைகளிடமும் பாய்களிடமும் தொப்பிகளிடமும் நெற்றிப்பட்டைகளிடமும் தொட்டில்களிடமும்தான். ஈரத்தோடு வந்த அவற்றை அப்படியே உலரவிட்டால் சுருங்கி உடைந்துவிடும். மெழுகுபோன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலில் நீண்ட நாள் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள்.

ஓசெட்டில் கிடைத்த கூடைகளை ஆராய வந்தவர் டேல் குரோஸ். சேற்றிலிருந்து வந்த முடைச்சலைப் புரிந்துகொள்ள அவருக்கு நூலகம் போதவில்லை; மாக்கா மூதாட்டிகளிடம் உட்கார்ந்து முடையக் கற்றார். பிறகு மாக்கா மக்களோடு சேர்ந்து, கிழக்கே ஹோகோ ஆற்றின் முகத்துவாரத்தில், ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையான மற்றொரு ஈர நிலத்தைத் தோண்டினார். அங்கேயும் கூடைகள் கிடைத்தன. குமிழ் வைத்த தொப்பியும் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒப்பிட்டு அவர் கண்டது எனக்கு மெய்சிலிர்ப்பைத் தந்த முடிவு. கல்லிலும் எலும்பிலும் செய்த கருவிகள் அந்தக் கடற்கரை நெடுகிலும், வேறு வேறு மொழி பேசியவர்களிடையேயும், காலத்துக்குக் காலம் ஒரே மாதிரி மாறிவந்திருக்கின்றன. பயன் தரும் கருவியை அண்டை வீட்டாரிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்வார்கள். கூடைகள் அப்படி மாறவில்லை. வெளிக்கடற்கரையின் மாக்கா வழி முடைச்சல் ஒரு மரபாகவும், உட்கடல் ஓரத்துச் சேலிஷ் மக்களின் முடைச்சல் இன்னொரு மரபாகவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே ஓடியிருக்கின்றன. தாயிடமிருந்து மகளுக்குக் கை வழியாகப் போகும் வித்தைக்கு இப்படி ஓர் உறுதி இருக்கிறது. எந்த வீட்டில் செய்தது என்று கல் கருவி சொல்லாது. யார் வீட்டுப் பெண் முடைந்தாள் என்று கூடையின் அடிப்பகுதி சொல்லிவிடும்.

அகழ்ந்தெடுத்தவற்றை வெளியூர் அருங்காட்சியகங்களுக்கு அனுப்ப மாக்கா மக்கள் இசையவில்லை. 1979-இல் நீயா பேயிலேயே தங்கள் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் திறந்தார்கள். அதன் கிடங்கில் அடுக்கியிருக்கும் முறையைத் தமிழ் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். மேலைத் துறைகளின் பகுப்பை அப்படியே ஏற்காமல், மாக்கா மொழி ஒரு பொருளை எதனோடு சேர்த்துப் பெயரிடுகிறதோ அதைப் பார்த்து அடுக்கினார்கள். பெண்கள் கை படக் கூடாத வேட்டைக் கருவிகளுக்கு அங்கேயும் அந்த விதி பின்பற்றப்படுகிறது. ஈட்டிமுனையை வைக்கச் செடார்ப் பட்டையை மடித்துச் செய்த உறையும் அந்தக் கருவிகளோடு சேர்ந்தது. பட்டை வேலையோ பெண்களின் தொழில். ஒருத்தி கைப்பட உருவான உறை, கருவியை ஏற்ற நாளிலிருந்து அவள் கைக்கு எட்டாத பொருளாக மாறுகிறது. விதி கடுமையாகத் தெரியலாம். அசையாமல் கிடந்த மனைவியை நினைத்தால், அருகில் வராமலே பங்கேற்பது என்ற அதே எண்ணம்தான் இங்கும் இருக்கிறது என்று படுகிறது.

1999 மே 17 அன்று மாக்கா ஓடம் ஒன்று எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சாம்பல் திமிங்கிலத்தைக் கரை சேர்த்தது. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போயின. அந்தச் சர்ச்சைக்குள் இங்கே புகவில்லை. ஓடத்தில் ஏறிய இளைஞர்களில் ஒருவரும் அதற்குமுன் வேட்டையைக் கண்டதில்லை. ஆனால் அவர்கள் வளர்ந்த வீடுகளின் அலமாரிகளில், ஓங்கிய கையும் சுற்றிவரும் கயிறுமாக அந்த வேட்டை இருந்துகொண்டே இருந்தது.

மாக்கா மொழியைத் தாய்ப்பாலோடு கற்றுப் பேசிய கடைசி மனிதர் 2002-இல் மறைந்தார். மொழி இப்போது பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. முன்பு எந்த இடத்தில் அதற்குத் தண்டனை கிடைத்ததோ அங்கேயே. கூடை வகுப்புகளும் நடக்கின்றன. நீளமாக உரியக்கூடிய பழைய செடார் மரங்கள் வெட்டுமரத் தொழிலில் பெரும்பாலும் போய்விட்டதால் நல்ல பட்டைக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. கரடிப்புல்லைப் பூ வியாபாரிகள் மூட்டை மூட்டையாக அள்ளிப்போகிறார்கள். சில முடைபவர்கள் புல்லுக்குப் பதில் ராஃபியா நாரைக் கையாளுகிறார்கள், கட்டு அதேதான். கோடை வந்தால் சதுப்புக்குப் போகும் வழக்கமும் இருக்கிறது. நீரோரம் பலவகைப் புல் கலந்து நிற்கும். சம்பும் இருக்கும், கோரையும் இருக்கும், கூடைக்கு உதவாத எத்தனையோ இருக்கும். கண்ணுக்கு எல்லாம் பச்சை. எது கூடைக்கோரை என்று தெரிய, தண்டின் அடியை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். வட்டமாக உருண்டால் விட்டுவிடலாம். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பிடுங்கலாம்.